மணியம் கோல் காத்த வருஷம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, கத்திச் சொல்ற அளவுக்கு எனக்கு இப்போ தொண்டை இல்லை. திடல்காரன் வேலை என்னன்னா, இருபத்திரண்டு பேர் மிதிச்சு நாசமாக்குறதுக்காக வாரம் பூரா புல் வளர்க்கிறது. அடுத்தவங்க விளையாட நீங்க வேர்த்துக் கொட்டினவங்களா இருந்தா, மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் ஈப்போவில் ஒரு கம்பெனித் திடல் என் பொறுப்பில் இருந்தது. ஈயம் தோண்டும் இயந்திரத்துக்குச் சாமான் செய்யும் கம்பெனி. ஹாக்கி லீக்கில் முதல் டிவிஷனில் அவர்களுக்கு ஒரு டீம் இருந்தது. ஆட்டக்காரர்களுக்குக் கம்பெனியில் ஏதாவது ஒரு வேலை கொடுத்துச் சம்பளம் போடுவார்கள். வேலை பேருக்குத்தான். உயிர் போவது திடலில்.

பத்துப் பந்து

லீக் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் கோல்கீப்பர் சிங்கப்பூருக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். டீமைப் பார்த்துக்கொண்டவர் ஆபீசில் பெரியவரான அருள்நாதன் சார். அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து மணியம் சைக்கிளில் வந்தான். பால்மரம் வெட்டுகிறவன், அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்குகிறவன். காலில் செருப்பில்லை. கொய்யாக் கிளையை வளைத்து, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளின் வாசலில் ஹாக்கி ஆடியதுதான் அவனுடைய பயிற்சி.

எங்கள் கேப்டன் பல்தேவ், பஞ்சாபி, அடித்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது. பத்துப் பந்து அடித்தான். மணியம் எட்டைப் பிடித்தான். அருள்நாதன் சார் எழுந்தே நின்றுவிட்டார். "இப்போதைக்கு நாள்கூலி. டீம் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்காம காப்பாத்து, வேலையை நிரந்தரமாக்கி, திடலுக்குப் பின்னால இருக்கிற கம்பெனி வீட்டையும் தர்றேன்" என்றார். மணியத்துக்கு அந்த வீடுதான் கணக்கு. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். வருஷக் கடைசிக்குள் லயத்தைக் காலி பண்ணச் சொல்லி ஆள் வந்து போயாச்சு. மனைவி சரோஜா ஐந்து மாசம்.

எப்படிடா பிடித்தாய் என்று நான் கேட்டேன். அவன் சொன்னான்: "பட்டைக்குள்ள கத்தி எவ்வளவு இறங்குதுன்னு இருட்டுல பார்த்துப் பழகின கண்ணு அண்ணே, வெள்ளைப் பந்து எல்லாம் தேங்கா மாதிரி தெரியுது."

ஒட்டிக்கொண்ட கால்

ஈப்போவில் சாயங்கால மழை தப்பாது. கோல்கீப்பர் காலில் கட்டும் பட்டைகள் தண்ணீரைக் குடித்துவிட்டால் ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். மணியம் ஒரு யோசனை பண்ணினான். தோட்டத்திலிருந்து ஒரு தகரம் ரப்பர் பால் கொண்டுவந்து, இரண்டு பட்டைக்கும் நன்றாகப் பூசிக் காயவைத்தான். தண்ணீர் உள்ளே போகாது, சரிதான். ஆனால் காய்ந்த பால் காய்ந்த பாலைத் தொட்டால் விடாது என்பதை, பிறந்ததிலிருந்து பாலில் புழங்கியவன் எப்படி மறந்தானோ!

ஆட்டம் தொடங்கியது. வெயில் வேறு. முதல் பந்துக்கு இரண்டு காலையும் சேர்த்து நின்று தடுத்தான். கால் இரண்டும் ஒன்றாகிவிட்டது. இழுக்கிறான், பிரியவில்லை. அதற்குள் அடுத்த பந்து வலது பக்கம் வருகிறது. வேறு வழியில்லாமல் வெட்டின மரம் மாதிரி அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். பந்து தோளில் பட்டு வெளியே போனது. ஆட்டத்தை நிறுத்தி, நானும் பல்தேவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்துப் பிரித்தோம். சரோஜாவின் பவுடர் டப்பா மறு வாரத்திலிருந்து திடலுக்கு வர ஆரம்பித்தது. பூசிவிட்டால் ஒட்டாது. அன்றைக்கு அம்பயராக இருந்த ஓய்வு பெற்ற வாத்தியார் வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு காலோட வா தம்பி, இது சாக்கு ஓட்டம் இல்லலா."

சுருங்கின வட்டம்

இது என் தப்பு, மறைக்கவில்லை. கோல் முன்னால் போடும் வட்டத்தை நான் கயிற்றால் அளப்பேன். எண்ணெல்லாம் எனக்கு வராது. கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்திருப்பேன், முடிச்சு வரைக்கும் சுண்ணாம்பு. வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல் சேர்த்தி. ஒருநாள் கயிறு கொட்டகைக்கு வெளியே மழையில் கிடந்ததைக் கவனிக்காமல் அதாலேயே கோடு போட்டுவிட்டேன். நனைந்த கயிறு சுருங்கியிருந்தது.

ஆட்டம் சரிசமமாக முடியப்போகிற நேரத்தில் எதிர் டீம்காரன் ஓங்கி அடித்தான். பந்து உள்ளே. மணியம் அசையவே இல்லை. அம்பயர் கோட்டைப் பார்த்தார், அடித்தது கோட்டுக்கு வெளியே, கோல் இல்லை என்றார். முடிந்ததும் அவர்கள் டேப் கொண்டுவந்து அளந்தார்கள். ஓரடி குறைச்சல்! ஊதினது ஊதினதுதான் என்று அம்பயர் போய்விட்டார். எங்களுக்கு ஒரு புள்ளி மிச்சம், எனக்கு ஆபீசில் நல்ல அர்ச்சனை. தெரிந்துதான் சும்மா நின்றாயா என்று மணியத்தைக் கேட்டேன். "வார்ம்அப் பண்றப்பவே பார்த்துட்டேன் அண்ணே. ஆனா கோடு போடுறது ஒங்க வேலை, கோட்டுக்குள்ள நிக்கிறது என் வேலை. ஒருத்தர் வேலையில இன்னொருத்தர் கை வைக்கலாமா?"

சிலிபின் டீக்கடை

வீடு விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டது. சிலிபினில் நான் டீ குடிக்கிற கடையில் ஒரு பஸ் கண்டக்டர் வாரா வாரம் லீக் நிலவரம் விசாரிப்பார். கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், இறங்க மாட்டோம் என்று சொன்னேன். அவர் டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: "கோலைத் தடுக்கிறவனுக்கு வீடுன்னா, கோல் போடுறவனுக்கு என்ன, பங்களாவா?"

கடைசி ஆட்டம்

எதிரே நின்றது எங்கள் கம்பெனிக்கு நேர் போட்டிக் கம்பெனி. அதே சாமானைச் செய்கிறவர்கள். அந்த மேனேஜர் பேரைச் சொன்னாலே அருள்நாதன் சாருக்குச் சோறு இறங்காது. அன்றைக்கு மணியம் நின்ற நிலையை நான் அதற்கப்புறம் எந்தத் திடலிலும் பார்க்கவில்லை. எது வந்தாலும் காலில், கையில், நெஞ்சில் வாங்கினான். வேலியோரம் நிறைமாச வயிற்றோடு சரோஜா முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

முடிய மூன்று நிமிஷம். எதிராளி அடித்த பந்து சும்மா வெளியே போக வேண்டியது. குறுக்கே நீட்டின பல்தேவின் மட்டையில் பட்டுத் திரும்பி, உள்ளே போய்விட்டது. சொந்த ஆள் மட்டையில் பட்டு வந்ததை யார் பிடிப்பது? ஒரு கோலில் தோற்றோம், இறங்கினோம். போட்டிக் கம்பெனி மேனேஜர் போகிற போக்கில் மணியத்தின் தோளில் தட்டிவிட்டுப் போனார். அதைக் கண்ட அருள்நாதன் சார் எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் காரில் ஏறினார். வீட்டுப் பேச்சே எடுக்கவில்லை. பல்தேவ் புல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். பிறகு மணியத்திடம் சொன்னான்: "மச்சான், எங்க வீட்டுப் பின்னறை சும்மாதான் இருக்கு, ரெண்டு பேரும் வந்திருங்க. மூணு வேளையும் சப்பாத்திதான், அத மட்டும் பொறுத்துக்கலா."

திங்கட்கிழமை

காலையில் கோல் வலையை ஒப்படைக்க நான் ஆபீசுக்குப் போயிருந்தேன். மணியம் வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. கால் பட்டைகளை மேசைமேல் வைத்தான். வீட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

"சார், வேற டீமுக்குப் போகணும்னா பழைய டீம் விடுதலைக் கடிதம் குடுக்கணுமாமே. அது நீங்க எழுதுறதா, பெரிய ஆபீஸ்ல எழுதுறதா?"

அருள்நாதன் சார் பேனா நின்றது. "யாரு கூப்பிட்டா?"

"இனிமே கூப்பிடலாம் இல்லையா சார். அன்னிக்கு அவங்க மேனேஜர் வந்து தோள்ல தட்டினாரு. நீங்கதான் பார்த்தீங்களே."

இதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. சார் என்னைப் பார்த்தார். நான் வலையை எண்ணுவது மாதிரி குனிந்துகொண்டேன். "என் கோல்கீப்பர் அந்த ஆளு டீம் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறத நான் பார்க்கணுமாடா?" என்று கேட்டுவிட்டு, இழுப்பறையைத் திறந்து வீட்டுச் சாவியை மேசைமேல் போட்டார். நிரந்தர வேலைக் கடிதம் மத்தியானம் டைப் ஆகும் என்றார்.

அவனோடு நானும் வெளியே வந்தேன். ஆபீஸ் வாசலில் ஒரு லோரி. மேலே அலமாரி, பாய், பாத்திர மூட்டை, கோழிக்கூண்டு. முன்சீட்டில் சரோஜா. எப்போதடா ஏற்றினாய் என்று கேட்டேன். அவன் லோரியில் ஒரு காலை வைத்துக்கொண்டே சொன்னான்: "விடியறதுக்குள்ளயே அண்ணே. லோரிக்காரருக்கு மத்தியானம் தாப்பாவுல சோலி இருக்காம், அவரைக் காக்க வைக்க முடியுமா?"

பதினோரு பேரும் தோற்ற அந்தப் பருவத்தில், அதில் ஒருத்தன் மட்டும் சட்டிபானையை ஏற்றி வைத்துவிட்டுத்தான் சாவி வாங்கவே உள்ளே வந்திருக்கிறான்.