கரை பிடித்த படம்

நல்ல வீட்டுக்கு அழைத்தால் போ, துட்டி வீட்டுக்கு அழைக்காமலே போ என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். சாவுக்கு யாரும் வெற்றிலை வைத்துக் கூப்பிட மாட்டார்கள். காதில் விழுந்தால் போட்டது போட்டபடி கிளம்ப வேண்டியதுதான். காதிலேயே விழாதவன் என்ன செய்வான் என்று இதைச் சொல்லி வைத்தவர்கள் யோசிக்கவில்லை. அவர்கள் காலத்தில் ஒருவன் ஊரில் இருக்கிறானா இல்லையா என்பது தெருவுக்கே தெரியும். என் காலத்தில் அதை முகநூலைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

2004இல் நான் தக்கலையில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தேன். பிளைவுட் தடுப்புக்குள் நாலைந்து கம்ப்யூட்டர், தலையை ஆட்டி ஆட்டி ஓய்ந்துபோன ஒரு ஃபேன். வளைகுடாவில் இருக்கும் கணவன்மாரைக் கேமராவில் பார்க்க வரும் பெண்களால்தான் கடை ஓடியது. அந்த டிசம்பரில் சுனாமி வந்துபோன பிறகு என் வயதுக்காரன் ஒருவன் உள்ளே வந்தான். மண்டைக்காட்டுக்கு அந்தப் பக்கம் கடற்கரை ஊர். போட்டிருந்த சட்டை அவனுடையது அல்ல என்று பார்த்தாலே தெரிந்தது. துபாயில் இருக்கும் அண்ணனுக்குப் போன் கிடைக்கவில்லை, மெயில் அனுப்ப வேண்டும் என்றான். என்ன எழுத என்று கேட்டேன்.

"நாங்க இருக்கோம்னு எழுது. அம்மை இல்லன்னு எழுது. வேற ஒண்ணும் எழுதாண்டாம்."

ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து அனுப்பினேன். பதில் வந்திருக்கிறதா என்று மறுநாள் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். பதில் வந்த பிறகும் வந்துகொண்டே இருந்தான். அப்படித்தான் எனக்கு ஒரு நண்பன் கிடைத்தான்.

அவன் ஆழ்கடல் படகில் போகிறவன். கொச்சி, மங்களூர் தாண்டி, குஜராத் கடல் வரைக்கும் போய் வாரக்கணக்கில் கிடந்துவிட்டு வருவான். ஆனால் எங்கே போனாலும் அவன் கண்டது தண்ணீர்தான். "தண்ணியப் பாத்துப் பாத்துக் கண்ணு உப்பாப் போச்சு மக்கா. மலையக் காட்டு" என்பான். எனக்கோ சின்ன வயதிலிருந்தே கால் ஓரிடத்தில் நிற்காது. என் பழைய பைக்கில் முதலில் கீரிப்பாறைக்குப் போனோம். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏறிப்போய் ஒரு பாறைமேல் உட்கார்ந்து புரோட்டா தின்றுவிட்டு வந்தோம். பிறகு பொன்முடி, மூணாறு, வால்பாறை என்று அவன் படகு கரைக்கு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு மலை. படம் எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் இல்லை. யாருக்குக் காட்டப்போகிறோம்?

அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. அவனுடையது மட்டுமல்ல, அந்தக் கரையின் வழக்கம். படகு எந்தத் துறைமுகத்தை அடைந்தாலும் முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டு "கரை புடிச்சாச்சு" என்று சொல்வார்கள். எவ்வளவு தூரம் போனாய், என்ன மீன் பட்டது என்ற கதையெல்லாம் அப்புறம். அந்த ஒரு சொல் வரும்வரை வீட்டுப் பெண்களுக்குச் சோறு இறங்காது. கரை பிடிக்காத பயணம் அவனுக்குப் பயணமே அல்ல. எனக்கும் அதையே சட்டமாக்கினான். நான் தனியாக எங்கே போய் வந்தாலும் நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கியதும் அவனைக் கூப்பிட்டு, கரை புடிச்சாச்சு என்று சொல்ல வேண்டும். ஒரு தடவை மறந்துவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அவனுக்குக் கல்யாணமாயிற்று. குழந்தையும் பிறந்தது. பிறகு சர்க்கரை வந்தது. கால் வீங்கத் தொடங்கியதும் படகை விட்டுவிட்டு வலை கட்டும் வேலையில் உட்கார்ந்தான். இதற்குள் எல்லார் கையிலும் போன் வந்து என் பிரவுசிங் சென்டர் படுத்துவிட்டது. மிஞ்சிய ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு டிக்கெட் போட்டுக் கொடுத்தேன், காசு சேர்ந்தால் வடக்கே ரயிலேறினேன். துபாய் அண்ணன் அவனுக்கு ஒரு நல்ல போன் வாங்கி அனுப்பினார். அன்றைக்கு அவனுக்கு முகநூல் திறந்து கொடுத்தது நான்தான். அதில் நான் போட்டிருந்த பயணப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவன் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

"இனி நீ போற எடத்துக்கெல்லாம் நானும் வருவேன் பாத்துக்கோ" என்றான்.

அப்படித்தான் வந்தான். எந்தப் படம் போட்டாலும் முதல் சில நிமிடங்களுக்குள் அவன் லைக் விழுந்துவிடும். நாளாக ஆக நாங்கள் போனில் பேசுவது குறைந்தது. நான் இருக்கிறேன் என்பதற்கு என் படம், அவன் இருக்கிறான் என்பதற்கு அவன் லைக். வேறென்ன வேண்டும்? கரை புடிச்சாச்சு என்று கூப்பிடுவதும் நின்றது. அதற்குப் பதிலாக ஒவ்வொரு பயணத்தின் கடைசிப் படமாக, ஜங்ஷனின் மஞ்சள் பெயர்ப்பலகையோடு என் மூஞ்சியையும் சேர்த்து எடுத்துப் போடுவேன். மற்றவர்களுக்கு அது ஸ்டேஷன். அவனுக்கு அது கரை. அதன் கீழே மட்டும் "செரி" என்று எழுதுவான்.

எனக்கு இதற்குள் ஊர் பேர் தெரியாத கூட்டம் ஒன்று சேர்ந்திருந்தது. சென்னைக்காரன், கோயம்புத்தூர்க்காரன், சிங்கப்பூர்க்காரன். எல்லோருக்கும் நான் 'ஜி', சிலருக்கு 'தல'. ஒருத்தனுக்கும் என் வீட்டுக்கு வழி தெரியாது. இந்தக் கூட்டத்தை வைத்துக் காப்பாற்ற ஒரு தொழில்நுட்பம் கற்றுக்கொண்டேன். எடுத்ததையெல்லாம் ஒரேநாளில் கொட்டினால் எவனும் பார்க்க மாட்டான். நாளைக்கு ஒன்றாக, சிக்கனமாகப் போட வேண்டும். அதுவும் வளைகுடாக்காரர்கள் காலையில் கம்பெனி வண்டியில் ஏறி உட்கார்ந்து போனைத் திறக்கும் நேரம் பார்த்துப் போட வேண்டும். இந்தக் கணக்கில் இரண்டு வாரப் பயணம் இரண்டு மாதம் ஓடும். பயணம் என்னவோ முடிந்துவிடும், நான் மட்டும் முகநூலில் பனிமலையில் நின்றுகொண்டிருப்பேன். இந்தக் கணக்கை என் கடற்கரை நண்பனிடம்கூடச் சொன்னதில்லை.

இதில் சங்கடங்களும் உண்டு. ஒருநாள் தக்கலைச் சந்தையில் சாளை வாங்கிக்கொண்டு நிற்கிறேன். தெரிந்தவர் ஒருவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "லேய், நீ காஷ்மீர்ல இல்லியா?" என்றார். மீன்காரி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு படம் ஓடிக்கொண்டிருக்கும் காலத்தில் சந்தைப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். சொந்த ஊரில் தலைமறைவு வாழ்க்கை. கொலைக்குற்றவாளிக்குக்கூட இவ்வளவு கவனம் இருக்காது.

நான் சொல்ல வந்தது லடாக் போன வருஷத்துக் கதை. மணாலி வழியாக ஏறி, மூச்சுத் திணறும் உயரமெல்லாம் போய், எங்கேயோ குடித்த தண்ணீரில் காமாலையையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஜங்ஷனில் இறங்கும்போதே காய்ச்சல். இருந்தாலும் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று கரை பிடித்த படத்தை எடுத்துக்கொண்டேன். அது கடைசியில் போட வேண்டியது. முதல் ஏற்றமே இன்னும் போட்டு முடியவில்லை.

ஒரு மாதத்துக்குமேல் படுத்த படுக்கை. அம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கித் தருவாள். உப்பு கிடையாது, எண்ணெய் கிடையாது. ஓட்டின்மேல் ஆனி மாதத்து மழை ஓயாமல் கொட்டும். நான் மஞ்சள் கண்ணோடு போர்வைக்குள் கிடந்து, நீல வானத்தின் கீழ் ஒரு மடாலயத்தின் படத்தைப் போடுவேன். அடிபொளி ஜி, தெறி தல என்று வந்து விழும். எட்டிப்பார்க்க ஒரு ஆள் இல்லை. எப்படி வருவார்கள்? நான்தான் ஊரில் இல்லையே. நோயில் கிடக்கும்போது இளநீரோடு ஒருவன் வந்து கால்மாட்டில் உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று ஏங்கினேன். உன் கூட்டுக்காரனுக்காவது சொல்லலாமே என்றாள் அம்மா. எழுந்து நடமாடியதும் நானே போய் முன்னால் நிற்கிறேன், திடுக்கிடட்டும் என்றேன். அவன் நன்றாகத்தானே இருக்கிறான், தினமும் லைக் விழுகிறதே.

ஒருநாள் அவன் லைக் விழவில்லை, அடுத்து வந்த நாட்களிலும் விழவில்லை. கவனித்தேன். வலை வேலை மும்முரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நடக்கத் தெம்பு வந்ததும் அவனுக்கென்று வாங்கி வைத்திருந்த காய்ந்த அப்ரிகாட் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். மண்டைக்காட்டில் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் அவன் ஊர். ஊர் முக்கில், சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. நனைந்து ஒரு மூலை அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் முகம். அந்தப் படத்தை எடுத்தது நான். கீரிப்பாறையில் பாறைமேல் புரோட்டாப் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டிருந்தவனைப் பொட்டலம் இல்லாமல் வெட்டி எடுத்திருந்தார்கள். தேதியைப் பார்த்தேன். அடக்கம் முடிந்து பத்து நாளுக்குமேல் ஆகியிருந்தது. அங்கேயே ஓரமாகக் கிடந்த கட்டுமரத்தில் உட்கார்ந்துவிட்டேன். வாய்விட்டு அழுதேன். வழியில் போன ஒருவர் யார் என்னவென்று கேட்காமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார்.

வீட்டில் அவன் மனைவி இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தவள், என் மெலிந்த உடம்பைப் பார்த்துவிட்டு மலையில் கஷ்டமா என்று கேட்டாள். நான் வந்து ஒரு மாதத்துக்குமேல் ஆகிறது, தக்கலையில்தான் கிடந்தேன் என்று சொன்னேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள்.

நடந்ததை அவள்தான் சொன்னாள். இரண்டு கிட்னியும் போய்விட்டது. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கிடந்தான். எனக்குப் போன் போடட்டுமா என்று அவள் கேட்டபோதெல்லாம் தடுத்திருக்கிறான். மலைமேல் நிற்பவனிடம் சொன்னால் பதறிப்போய்ப் பாதியில் ஓடி வருவான், அந்த வழியில் பதறக் கூடாது, அவன் பாட்டுக்கு இறங்கி வரட்டும் என்று சொன்னானாம். கையில் ஊசி குத்தியிருந்ததால் போனைப் பிடிக்க முடியாது. அவள் படத்தைக் காட்ட வேண்டும், அவன் பார்த்துவிட்டு "போட்டு விடு" என்பான், அவள் லைக் போடுவாள். நான் அவனுடைய சுகத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டது ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் விரல் அழுத்தியது.

இறந்த அன்று வெளியூருக்கெல்லாம் துட்டி சொல்ல ஆள் பிரித்து அனுப்பியிருக்கிறார்கள். தக்கலை என்று வந்ததும் அவளுடைய சகோதரன் போனைத் திறந்து காட்டினானாம். அன்று காலை நான் போட்ட படம். சடை எருமை ஒன்றின் கொம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டி நிற்கிறேன். இவன் பறந்தா வரப் போகிறான், வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். கோயில் மணி அடித்துப் பெட்டியைத் தூக்கியபோது நான் அரைமணி நேரப் பஸ் தூரத்தில் உப்பில்லாத கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு போன். ஒரே ஒரு போன் போட்டிருக்கலாமே. அந்த ஆத்திரத்தோடு அவளை நிமிர்ந்து பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த அவன் போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டெய்லி காலம்பற அதத்தான் கேப்பாரு அண்ணே. எறங்கிட்டானா பாருன்னு. இல்ல, இன்னும் மேலதான் நிக்காருன்னு சொல்லுவேன். இனி எறங்கிருவான், எறங்கினா ரெண்டு நாளுல இஞ்ச வந்துருவான்னு சொல்லுவாரு. கடைசி நாளும் கேட்டாரு. கரை புடிச்ச போட்டோ வந்துதான்னு."

அந்தப் படம் அப்போது என் சட்டைப் பையில், போனுக்குள் இருந்தது.