குவாரித் தண்ணீரும் ஒரு கேள்வியும்

கடல் தொலைவு என்பதால், ஸ்கூபா முக்குளிப்பு பழகிய நான் உள்ளூர்த் தண்ணீரிலேயே இறங்கிப் பார்க்க ஆரம்பித்தேன். வேடசந்தூர் அருகே கைவிடப்பட்டுத் தண்ணீர் நிறைந்த கல்குவாரியிலிருந்து ஒருநாள் கரையேறியபோது, நூல் மில் சீருடையில் ஒரு பெண் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

“மேல நின்னு கூப்பிட்டா தண்ணிக்குள்ள கேக்குமா அப்பு?”

“கேக்காதுக்கா.”

அவர் தண்ணீரையே பார்த்தார்.

“எங்க வீட்டுக்காரரு சண்டை போட்டுட்டு இங்கன குளிக்க வந்தாரு. பொழுது சாயுற வரைக்கும் கூப்பிட்டேன். கோவத்துல எங்கிட்டோ உக்காந்துக்கிட்டுப் பேச மாட்டேங்குறாருன்னு நெனச்சேன். மறுநாள் தண்ணிக்குள்ள இருந்து பொணமா எடுத்தாக. அப்ப, நான் கூப்பிட்டதைக் கேட்டுக்கிட்டே அவரு பேசாம இருக்கல, அப்படித்தான?”

“இல்லக்கா.”

தலையசைத்துவிட்டு மில்லுக்குப் போனார். எனக்கு அழுகை வரவில்லை. காலில் மாட்டிய நீச்சல் துடுப்பைக் கழற்றத் தோன்றாமல் பாறையில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது, வீட்டில் சண்டையிட்ட நாளிலும், இறங்கும் முன் மனைவிக்குப் போன் செய்து ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன்.