வெளியூர்ச் சாப்பாடு

சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில் அவருக்கு ‘பில்லு’ என்று பெயர். ஒற்றை டீ குடித்தாலும் பில் கேட்பார். கல்லாவில் இருப்பவர் துண்டுக் காகிதத்தில் கிறுக்கிக் கொடுத்தால் விடமாட்டார். தேதி வேண்டும், ஊர்ப் பெயர் வேண்டும், கடை முத்திரை வேண்டும். மற்ற ஓட்டுநர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டுமே. சொந்த லாரியைத் தானே ஓட்டுகிறவனுக்கு முதலாளியும் அவனே, வேலைக்காரனும் அவனே. வெளியூரில் தின்ற சோற்றைச் செலவில் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளாவிட்டால், வேறு யார் வந்து குறைத்துக் கொடுப்பார்கள்?

அந்த வருஷமும் பில் கட்டைத் தூக்கிக்கொண்டு கணக்கு எழுதும் பெண்ணிடம் போனார். மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, இரண்டு நாற்காலி, கிறீச்சிடும் மின்விசிறி. அவள் அவரைவிட ரொம்ப இளையவள். வாய் மட்டும் நாலு பேருக்குச் சமம்.

“அண்ணே, வரி ஆபீஸ்லேருந்து உங்களுக்கு அனுப்பின கடுதாசி திரும்பிப் போயிருக்கு. அந்த விலாசத்துல அப்படி யாருமே இல்லையாம். வீடு மாத்திட்டீங்களா?”

“மாத்தலம்மா. விட்டுட்டேன்.”

“அப்ப இப்ப எங்க இருக்கீங்க?”

“வண்டியிலதான்.”

மறைக்க என்ன இருக்கிறது? மனைவி இறந்தபின் அந்த வாடகை வீட்டுக்கு எப்போதாவது போவார். பூட்டைத் திறப்பார், ஜன்னலைத் திறப்பார், கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மறுபடி பூட்டிக்கொண்டு வருவார். ஆளில்லாத வீட்டுக்கு எதற்குத் தண்டமாக வாடகை என்று ஒருநாள் சாவியைக் கொடுத்துவிட்டார். பீரோவும் கட்டிலும் மகள் வீட்டுக்குப் போயின. தலையணையும் போர்வையும் லாரி இருக்கைக்குப் பின்னால் ஏறின. ரொம்பச் சாமர்த்தியமாகக் காரியம் செய்துவிட்டதாக அவருக்கு நினைப்பு.

அந்தப் பெண் பேனாவை மூடி வைத்தாள்.

“அப்படின்னா இந்தச் சாப்பாட்டு பில் ஒண்ணைக்கூட எழுத முடியாதுண்ணே. வீட்டை விட்டு வெளிய போய்ச் சாப்பிட்டாதான் அது தொழில் செலவு. வீடே இல்லைன்னா நீங்க எதை விட்டு வெளிய போனீங்க?”

அவள் சட்டத்தைத்தான் சொன்னாள். மனசை நோகடிக்கும் எண்ணம் துளியும் கிடையாது. ஆனாலும் அவருக்குச் சுருக்கென்றது. காசு போவது ஒரு பக்கம். இத்தனை நாளும் ‘வெளியூரில் இருக்கிறேன்’ என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்த மனுஷனிடம், நீ வெளியூரில் இல்லை, எங்கேயுமே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

அவர் முகம் வாடியதைப் பார்த்து அவளே இறங்கி வந்தாள். “உங்க பொண்ணு வீடு இருக்குல்ல? வீட்டுச் செலவுக்கு நீங்களும் ஒரு பங்கு கொடுத்து, ஓட்டம் இல்லாதப்ப அங்க போய்த் தங்குறீங்கன்னா அதையே வீடுன்னு போட்டுடலாம். கேட்டுப் பாருங்க.”

வாசலில் நின்று மகளுக்குப் போன் போட்டார். விஷயத்தை மென்று முழுங்கிச் சொன்னார்.

“தாராளமா போட்டுக்கோங்கப்பா. இதைப் போய்க் கேக்கணுமா?” என்றாள் மகள்.

அவருக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அந்தக் குளிர்ச்சி அடங்குவதற்குள் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “ஆனா யாராச்சும் வந்து விசாரிச்சா, நீங்க எங்ககூடத்தான் இருக்கீங்கன்னு சொல்லணுமாப்பா? இவரு பொய் சொல்ல மாட்டாரு, அதான் கேக்கறேன்.”

மாப்பிள்ளை நல்ல மனுஷர்தான், பொய் சொல்ல மாட்டார். மகள் கேட்டதிலும் குற்றமில்லை. குற்றம் சொல்ல ஒருவரும் இல்லாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“வேண்டாம்மா, சும்மா கேட்டேன். புள்ளைங்க நல்லாருக்காங்களா?” என்று பேச்சை மாற்றி முடித்துவிட்டு உள்ளே வந்தார்.

“சாப்பாட்டுச் செலவை அடிச்சிடும்மா.”

அடித்தாள்.

அடுத்த வாரமே சரக்குக் கிடங்குக்குப் பின்தெருவில் ஓர் அறை பார்த்தார். ஒரு குழாய், ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். எத்தனை பேர் என்று வீட்டுக்காரர் கேட்டார். “நான் மட்டுந்தான். நானும் பெரும்பாலும் இருக்க மாட்டேன்” என்றதும் வீட்டுக்காரருக்கு வாயெல்லாம் பல். இப்படி ஒரு குடித்தனக்காரர் தேடினாலும் கிடைப்பாரா!

புது விலாசத்தைச் சொல்லப் போனபோது கணக்குக்காரப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். “வரியில மிச்சமாகறதைவிட வாடகை பல மடங்கு போகுமேண்ணே! கணக்கு உதைக்குதே!”

“கணக்குக்காக எடுக்கலம்மா.”

“பின்ன எதுக்காம்?”

“எடுத்தேன், அவ்வளவுதான்” என்றார்.

“என்னமோ போங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. இனிமே இந்த ஊர்ல சாப்பிடறதுக்கு பில் வாங்காதீங்க. அது வீட்டுச் சாப்பாடு, செல்லாது.”

வீட்டுச் சாப்பாடாமே! தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனார், பார்த்தவர்கள் ஒரு மாதிரி நினைத்திருப்பார்கள். முனைக்கடையில் ஒரு பொட்டலம் கட்டி வாங்கிவந்து, புதுப் பாயில் உட்கார்ந்து பிரித்தார். எஞ்சின் சத்தம் இல்லை, கடைக்காரர் அதட்டல் இல்லை; தான் மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்டது. வீட்டுக்கு ஆசைப்பட்டவர் இதற்குத் தயாராக இருக்கவில்லை.

போன் அடித்தது. மகள்தான்.

“சாப்டீங்களாப்பா? எந்த ஊர்ல இருக்கீங்க?”

தண்ணீரைக் குடித்துச் சோற்றை உள்ளே தள்ளினார்.

“வீட்லம்மா” என்றார்.

“யாரு வீட்லப்பா?” என்றாள்.