இல்லாத மஞ்சள் கட்டம்

என் மாமனாருக்கும் ஒரு போக்குவரத்துப் போலீஸ் பொம்மைக்கும் நடந்த வாக்குவாதத்தை நான் நேரில் பார்க்கவில்லை. பார்த்தவர் எங்கள் தெருப் பால்காரர். என் மனைவி அவரை இரண்டு முறை சொல்லவைத்துக் கேட்டாள். இரண்டு முறையும் விவரம் மாறவில்லை. அதனால் எழுதலாம்.

பெங்களூரின் சில சிக்னல்களில் போலீஸ் உடுப்பு மாட்டிய பொம்மைகளை நிறுத்தியிருந்தார்கள். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம் எல்லாம் உண்டு. நீலசந்திராவிலிருந்து சிவாஜிநகருக்கு ஆட்டுக்கறி வாங்க ஸ்கூட்டரில் போன மாமா, அப்படி ஒன்றின் முன்னால் வண்டியை ஓரங்கட்டி, "ஹெல்மெட் இதே சார், டிக்கியல்லி இதே சார்" என்று கன்னடத்தில் விளக்கம் கொடுத்திருக்கிறார். ஹெல்மெட் உண்மையிலேயே டிக்கியில்தான் இருந்தது. பொம்மை பதில் சொல்லவில்லை. அதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டு மாமா குரலை உயர்த்தியிருக்கிறார்.

தெரு முழுக்கச் சிரித்தது. அடுத்த வாரம் நடந்ததற்கு யாரும் சிரிக்கவில்லை. அதே சிக்னலில் அன்று உயிருள்ள போலீஸ்காரர் கையை நீட்டி நின்றிருந்தார். ஒரு தடவை ஏமாந்தவர் மறுபடி ஏமாறுவாரா? பொம்மை என்று முடிவு செய்து மாமா நிற்காமல் போனார். குறுக்கே வந்த பஸ் பிரேக் போட்டது. கறிப் பைதான் சக்கரத்தில் மாட்டியது, அவர் மாட்டவில்லை.

அன்று மாலையே என் மனைவி ஸ்கூட்டர் சாவியைத் தன் ஆபீஸ் பையில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருள் சோதிக்கும் வேலை. சாவி தினமும் கம்பெனி காரில் அங்கே போய்த் திரும்பியது. கண் மருத்துவர் இரண்டு கண்ணிலும் புரை என்றார். வலது கண்ணில் முற்றியிருக்கிறது, சீக்கிரம் ஆபரேஷன் செய்வது நல்லது என்றார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை. அவருக்குப் பயம். அதை மட்டும் அவர் சொல்லவே மாட்டார்.

"கண்ணுல இன்னா கீது? ஊர் பூரா மெட்ரோ தோண்டுறான். காத்துல தூசி ஜாஸ்தி."

மாமியார் காலமான பிறகு நாங்கள் மாமா வீட்டு மாடிக்குக் குடிவந்தவர்கள். ஆகவே இந்த வாக்கியத்தைக் காலையிலும் மாலையிலும் கேட்டோம். பத்திரிகையில் செய்தி திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: திரும்பத் திரும்ப ஒரே மறுப்பை வெளியிடுபவரிடம் ஏதோ இருக்கிறது.

அவரிடம் ஒரு பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா உண்டு. தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில் தெருவின் கல்யாணங்களை எல்லாம் அவர்தான் படம் பிடித்தார். இந்த வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. பக்கத்தில் தனியாக வியூஃபைண்டர் என்ற சின்னக் கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் நடுவில் வெளிர் மஞ்சளாக ஒரு கட்டம். கட்டத்துக்குள் எதிரில் இருப்பது இரண்டாகத் தெரியும். லென்ஸ் வளையத்தைத் திருப்பினால் இரண்டும் நகர்ந்து ஒன்றாகும். ஒன்றானால் படம் தெளிவாக விழும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா அதை எடுத்துப் பார்ப்பார். கட்டம் தெரியவில்லை. "பாரு, கேமராக்குள்ளயும் தூசி," என்பார். அவர் வாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. நானும் பார்த்தேன். கண்ணாடியில் பாலாடை போல ஒரு மங்கல் படிந்திருந்தது. அதற்குள்ளும் கட்டம் எனக்குத் தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"அப்போ டெஸ்ட் வெச்சுக்கலாம்பா," என்றாள் மனைவி. "நான் அந்தக் கண்ணாடிய தொடச்சுத் தரேன். கட்டம் தெரிஞ்சா சாவி உங்களுக்கு. தெரியலன்னா ஆஸ்பத்திரிக்கு வரணும்."

"வரேன். இன்னா இப்போ? தொடச்சுக் குடு மொதல்ல."

அடுத்த ஞாயிறு காலை எங்கள் சாப்பாட்டு மேசையில் கேமரா திறக்கப்பட்டது. மனைவி ஸ்க்ரூடிரைவர் பிடித்தாள். நான் டார்ச் பிடித்தேன். கழற்றிய திருகுகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாகப் போட்டோம். போனில் ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரிக் கேமராவைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் பேச்சு அதிகம். அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் மனைவி திரையைத் தட்டி வீடியோவை முன்னே தள்ளினாள். வேலை செய்யும் கை தெரிந்தால் போதும் என்பது அவள் கொள்கை.

முன் கண்ணாடியில் மூக்குக்கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தொட்டுப் பஞ்சுக் குச்சியால் துடைத்தாள். மங்கல் குச்சியோடு வந்துவிட்டது. பின் கண்ணாடியும் பளிச்சென்றானது. உள்ளே குறுக்காக, சாய்வாக இன்னொரு சின்னக் கண்ணாடி நின்றது. அதன் மேல் பொன்னிறத்தில் ஏதோ பூசினாற்போல் இருந்தது.

"இதுதான் பயங்கர அழுக்கு," என்றாள்.

ஒரு இழுப்பு. குச்சியின் நுனி மஞ்சளானது. எங்கள் இருவருக்கும் மிகுந்த திருப்தி.

மூடிவிட்டு நான் பார்த்தேன். தெரு அபாரமாகத் தெரிந்தது. எதிர்வீட்டு மாடியின் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் பனியன், எல்லாம் துல்லியம். கட்டத்தை மட்டும் காணோம். மனைவியும் வாங்கிப் பார்த்தாள். போனை எடுத்து வீடியோவைப் பின்னால் தள்ளினாள். வெள்ளைக்காரர் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: எதை வேண்டுமானாலும் துடையுங்கள், இந்தச் சாய்ந்த கண்ணாடியைத் தொடாதீர்கள். மஞ்சள் கட்டத்தையும் இரண்டாவது உருவத்தையும் கொண்டுவருவதே அதன் மேல் இருக்கும் பூச்சுதான். விரல் பட்டாலே போய்விடும்.

"போச்சு," என்றேன்.

"மெதுவா பேசு. கீழ கேக்கும்." வேலையில் கோளாறு கண்டுபிடிக்கும்போது அவளுக்கு வரும் முகம் வந்தது. "இப்போ அவர் பார்ப்பாரு. கட்டம் தெரியலம்பாரு. டெஸ்ட்ல தோத்துட்டாரு, ஆஸ்பத்திரிக்கு வந்தாகணும்."

"கட்டமே இல்லையே. இது மோசடி."

"ஆபரேஷன் வேணும்னு சொன்னது டாக்டர். கேமரா இல்ல. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

இப்படி ஒரு வரியை என் மேசையில் யாராவது வைத்திருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன். வீட்டில் எனக்கு அந்த அதிகாரம் இல்லை. கேமராவையும் சாவி இருந்த ஆபீஸ் பையையும் எடுத்துக்கொண்டு இறங்கினோம்.

மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேமராவை வாங்கி, இடது கண்ணை மூடி, வலது கண்ணில் வைத்தார். தண்ணீர்த் தொட்டியைக் குறிபார்த்து வளையத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

"ஆஹா," என்றார். "இப்பத்தான் பளிங்கு மாதிரி கீது. சாவிய எடு."

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தொட்டியைப் பார்த்தேன்.

"கட்டம் தெரியுதாப்பா?"

"தெரியாம? நடுவுல தோ நிக்குது."

"மஞ்சளா?"

"பின்ன பச்சையாவா இருக்கும்? கேக்குறா பாரு கேள்வி."

"ரெண்டு உருவமும் சேருதா?"

"சேத்துட்டேன். தொட்டி மூடி வரைக்கும் ஷார்ப்பு. மாப்பிள்ள, சூப்பரா தொடச்சுருக்கீங்க."

பாராட்டில் என் பெயரும் சேர்ந்தது எனக்குச் சங்கடமாக இருந்தது. நிலைமை இதுதான்: பேசிய பேச்சுப்படி மாமா ஜெயித்துவிட்டார். சாவியைக் கொடுத்தால் நாளைக்கே அந்த சிக்னலுக்குப் போவார். பஸ் எல்லா நாளும் பிரேக் போடும் என்று சொல்ல முடியாது. உண்மையைச் சொன்னால், கேமராவை நாசமாக்கியது வெளியே வரும். டெஸ்ட் செல்லாது என்பார். மனைவி பையிலிருந்து சாவியை எடுத்தாள். விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"அப்பா, உங்க கண்ணு சாதாரணக் கண்ணு இல்ல. இல்லாத கட்டம்கூடத் தெரியுது."

"இன்னாடி சொல்ற?"

"கட்டம் போயிடுச்சுப்பா. காலைல நான்தான் தொடச்சு அழிச்சுட்டேன். டார்ச் அடிச்சது அவரு."

அதுவரை நான் சாட்சியாக இருந்தேன். அந்த நிமிடம் கூட்டாளியானேன்.

மாமா கேமராவை இறக்கினார். அவர் முகத்தில் கோபம் கிளம்பி, பாதி வழியில் நின்றது. கேமராவைக் கெடுத்ததற்காகத் திட்ட வேண்டுமானால் கட்டம் இல்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால், இவ்வளவு நேரம் எதைச் சேர்த்தார் என்ற கேள்வி வரும். இரண்டு பக்கமும் வழி இல்லை.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றார் கடைசியில். "கொழந்த ஆசையா தொடச்சுதே, மனசு நோவக் கூடாதுன்னு சொன்னேன்."

"கொழந்தைக்கு நாப்பது வயசு. சரி, அந்த லென்ஸ சுத்தி இருக்கிற நம்பரப் படிங்க. சாவி தரேன்."

மாமா லென்ஸை மூக்கருகே கொண்டுபோனார். கையை நீட்டித் தள்ளிவைத்தார். சாய்த்துப் பார்த்தார்.

"வெளிச்சம் பத்தல," என்றார்.

பதினோரு மணி வெயில் வாசல் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ள, நீங்க சொல்லுங்க. வெளிச்சம் பத்துமா?"

"பத்தும் மாமா."

"இனிமே உங்களுக்குக் கறி கெடயாது."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சாயங்காலம் மாடிப்படி பாதிவரை ஏறிவந்து, மேலே பார்த்து அறிவித்தார்.

"ஆபரேஷன் பண்ணிக்கிறேன். கண்ணு சரியில்லன்னு இல்ல. எவ்ளோ கெடுத்து வெச்சிருக்கீங்கன்னு நான் ஒழுங்கா பாக்கணும். அதுக்குத்தான்."

காரணத்தை நாங்கள் அப்படியே ஏற்றுக்கொண்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் என் முழங்கையை அவர் பிடித்த பிடியில் கை மரத்துப்போனது. வலது கண் முடிந்தது. பிறகு இடது கண். கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்ற கட்டளைகள் எல்லாம் ஓய்ந்தன. வண்டி ஓட்டலாம் என்று மருத்துவர் சொன்ன அன்று, மாமா வாசல் நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைக் கேட்டார்.

வெகுநேரம் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், மறுபடி தொட்டி.

"ஒண்ணுமே இல்ல," என்றார். குரலில் அத்தனை குதூகலம். "அடிப்பாவி, சுத்தமா வழிச்சு எடுத்துட்டியே! இல்லவே இல்ல!"

"நல்லாப் பாருங்கப்பா. மஞ்சளா நடுவுல நிக்குமே?"

"பாத்துட்டேன்டி. கட்டம் கெடயாது."

அப்படியே கேமராவை மடியில் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். என் மனைவி சாவியை வைத்தாள்.

கேமராவுக்குப் புதுச் சாய்வுக் கண்ணாடி கிடைக்குமா என்று விசாரிக்க அன்றே சிவாஜிநகர் கிளம்பினோம். மாமா ஓட்டினார், நான் பின்னால். இருவர் தலையிலும் ஹெல்மெட். வழியில் கண்ணில் பட்ட பஸ் போர்டுகளையெல்லாம் எனக்குப் படித்துக் காட்டினார். சிக்னலில் சிவப்பு. பொம்மை அதே இடத்தில் நின்றது. முகக்கவசம் கழன்று விழுந்திருந்தது. மாமா அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"மாப்பிள்ள," என்றார், "இதுக்கு மூக்கே இல்லியே."

பச்சை விழும்வரை நின்றோம்.