ஓசை வராத கறுப்புக் கட்டை

சித்தி இறந்த அன்று எங்கள் வீட்டுக்கு வந்து கீபோர்டு வாசித்துவிட்டுப் போன ஒருவரை, அதன் பிறகு ஊரே தேடியது. அவர் கிடைத்துவிடக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டது என் அம்மா ஒருத்திதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய தெப்ராவில் வரிசை வீடு. அப்பா தொழிற்சாலையில் சூப்பர்வைசர்; அந்த வேலையை அவர் வீட்டிலும் விடாமல் பார்த்தார். சித்தி அம்மாவின் தங்கை. பெற்றவர்கள் முன்பே போய்விட்டதால் எங்களோடுதான் இருந்தாள். சிங்கப்பூரில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். சனிக்கிழமைகளிலும் ஓவர்டைம் என்று கிளம்பிவிடுவாள். மற்ற நாட்களில் நான் தூங்கிக்கொண்டிருப்பேன். சனிக்கிழமை மட்டும் கேட்டில் நின்று கையாட்டி அனுப்புவேன். பாவம் சித்தி, இப்படி மாடாக உழைக்கிறாளே என்று எனக்கு இருக்கும்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒருமுறை ஆகப் பார்த்தது. யாரோ ஒருவரைப் பிடித்துப்போய், அந்த மனிதரின் அண்ணன் எங்கள் வீட்டுக்குப் போன் செய்து முறையாகப் பெண் கேட்டாராம். அப்பா இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லிவிட்டார். "லாரிக்காரன், அதுவும் வேதக்காரன். அதுக்கு வேற ஆள பாருங்க." பெயரைக் கேட்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. சித்தி அழுதாளா என்று தெரியாது. நான் அப்போது தொட்டிலில் கிடந்தேன். இதெல்லாம் அத்தைமார்கள் பூ கட்டும்போது பேசியதை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டவை.

பிறகு சித்திக்கு வயிற்றில் பெரிய வியாதி வந்தது. வேலையை விட வேண்டியதாயிற்று. கடைசியாக ஓவர்டைம் போன சனிக்கிழமை, பூப்போட்ட பாத்தேக் துணியில் சுற்றி ஒரு சின்ன கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேட்டரி போட்டால் பாடும். "கூட வேலை செய்றவங்க வீட்ல சும்மா கெடந்துச்சு, ஒனக்குத்தான்" என்றாள். பழையதுதான். நடுவில் ஒரு கறுப்புக் கட்டை ஓசையே வராமல் செத்துக் கிடந்தது. நான் எதை வாசித்தாலும் என் விரல் சரியாக அதன்மேல் போய் விழும். சித்தி கட்டிலில் படுத்தபடி, பரவாயில்லை வாசி என்பாள். நான் வாசித்ததைக் கேட்கச் சகிக்காது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள்.

அவள் இறந்த அன்று கூடத்தில் சவப்பெட்டியை வைப்பதற்காக எல்லாச் சாமான்களையும் வெளியே எடுத்துப் போட்டார்கள். கீபோர்டு செருப்பு அலமாரியின் மேல் கிடந்தது. வாசலில் கூடாரம், சிவப்பு நாற்காலிகள். தேவாரம் பாட வேண்டியவர்கள் சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். மின்சுடலைக்குப் போக வேண்டிய நேரமோ நெருங்கிக்கொண்டிருந்தது. பாட ஆளில்லாத சாவு வீட்டைப் போலக் கொடுமையானது வேறில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம்கூடக் கேட்டது. எல்லோரும் கைப்பேசியைப் பார்ப்பதும் பெட்டியைப் பார்ப்பதுமாக இருந்தார்கள்.

அப்போதுதான் கடைசி நாற்காலியில் இருந்தவர் எழுந்து என்னிடம் வந்தார். வெளுத்துப்போன சட்டை, தடித்த விரல்கள், நகக்கண்ணில் கிரீஸ் கறை.

"பாப்பா, அத கொஞ்சம் குடுக்குறியாம்மா?"

கொடுத்தேன். பெட்டியருகே போய் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். தாலாட்டைப் போலத் தொடங்கியது, பிறகு எதைப் போலவும் இல்லை. பொம்மைக் கடைச் சாமான் அது. அதிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. முதலில் அத்தைமார்கள் அழுதார்கள். அவர்கள் எதற்கும் அழுவார்கள். பிறகு அப்பா அழுதார். அன்று காலையிலிருந்து நாற்காலியையும் தண்ணீர்ப் போத்தலையும் கணக்காக மேற்பார்த்துக்கொண்டிருந்தவர், தூணைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்குப் பயமாகப் போய்விட்டது.

ஆனாலும் என் கண் அந்த விரல்களை விடவில்லை. அவர் அந்தச் செத்த கட்டையை ஒருமுறைகூடத் தொடவில்லை. ராகம் அந்தப் பக்கம் போகும். போய், அதைச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். ஒரு தடவை தவறாக அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்றுகூடச் சொல்ல முடியாது. முதல் விரல் வைத்ததிலிருந்தே அப்படித்தான்.

தேவாரக்காரர்கள் ஒருவழியாக வந்து சேர்ந்தார்கள். அவர் சுவிட்சை அணைத்து, கீபோர்டை இரண்டு கையாலும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். குனிந்து சித்தியின் முகத்தைப் பார்த்தார். போய்விட்டார். அம்மாவின் சொந்தக்காரர்கள் அவரை அப்பாவின் தொழிற்சாலை ஆள் என்று நினைத்தார்கள். அப்பாவின் சொந்தக்காரர்கள் அம்மா வழி உறவு என்று நினைத்தார்கள். சாவு வீட்டில் யாரும் யாரையும் நீ யார் என்று கேட்பதில்லை. காரியம் எல்லாம் முடிந்து இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தபோதுதான் அவர் எந்தப் பக்கமும் இல்லை என்று தெரிந்தது.

பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், அதைக் கைப்பேசியில் படம் பிடித்திருந்தான். 'யார் இந்த மனிதர்?' என்று போட்டு அனுப்பிவிட்டான். அவ்வளவுதான். மறுநாளே அது பெக்கோக்கில் இருக்கும் மாமாவுக்குப் போய், அங்கிருந்து எங்களுக்கே திரும்பி வந்தது. ஞாபகம் தப்பிப்போன சினிமா இசைக்காரர் என்றார்கள். குடும்பத்தைத் துறந்த பணக்காரர் என்றார்கள். பக்கத்து வீட்டு ஆண்ட்டி, சாட்சாத் முருகனே வந்து வழியனுப்பி வைத்தார் என்று சத்தியம் செய்தார். முருகன் ஏன் கிரீஸ் கறையோடு வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. தெரியாதவர்கள் எல்லாம் காரை நிறுத்திவிட்டு வந்து கீபோர்டோடு படம் எடுத்துக்கொண்டார்கள். யாரோ அதன் நெற்றியில் குங்குமம்கூட வைத்துவிட்டுப் போனார்கள். அம்மா ஈரத்துணியால் துடைத்தாள்.

எனக்கு ஒரே பெருமை. வந்தவர்களிடமெல்லாம் செத்த கட்டையை அழுத்திக் காட்டி, அவர் இதைத் தொடவே இல்லை தெரியுமா என்று கதை சொன்னேன். அப்பா அதைப் பத்திரிகைக்காரரிடமும் சொன்னார். 'பழுதான கட்டையைப் பார்த்த மாத்திரத்தில் உணர்ந்த மேதை' என்று அதுவும் அச்சாகி வந்தது. நான் அந்தச் செய்தியை வாசித்துக் காட்டியபோது அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் நறுக்கினாள்.

"அவரு மட்டும் கெடைக்கட்டும், இந்த வீட்ல ஒக்கார வெச்சு என் கையால சோறு போடணும்" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

"போனவரு போய்ட்டாரு. விடுங்களேன்" என்று அம்மா சொல்லிப் பார்த்தாள்.

"அலமாக், ஊரே தேடுதுலா! நம்ம வீட்டுக்கு வந்த மனுஷன், நாம தேடாம இருக்க முடியுமா?"

அம்மாவுக்கு அவரைத் தெரியும். ஒரே ஒரு முறை, பேருந்து நிலையத்தில், சித்தியோடு நிற்கும்போது பார்த்திருக்கிறாள். யார் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். முருகன் என்று சொன்ன அதே வாய்கள் அடுத்த நிமிடம் சித்தியை என்ன சொல்லும்? சாம்பல்கூட ஆறவில்லை. அதோடு, துக்கத்தில் இருக்கிற அந்த மனிதரைப் பிடித்து வந்து, இன்னொரு தடவை வாசி என்று கூட்டத்தின் நடுவே உட்கார வைத்துவிடுவார்கள். இதையெல்லாம் அம்மா சொல்லி நான் தெரிந்துகொண்டது ரொம்பப் பின்னால். அப்போது எனக்குத் தெரிந்தது, அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்பது மட்டும்தான். தங்கை போன துக்கம் என்று நினைத்தேன். அதுவும்தான்.

ஒரு நாள் போன் வந்தது. கெலாங் பாத்தாவில் ஒரு சின்னத் தேவாலயத்தில் அதே மாதிரி ஒருவர் ஞாயிறுதோறும் வாசிக்கிறாராம். அப்பா புதுச் சட்டையை மாட்டிக்கொண்டார். அம்மா கூப்பிடாமலேயே வந்து காரில் ஏறினாள். போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து கார்கள் கிளம்பிக்கொண்டிருந்தன.

"நீங்க வண்டிய போட்டுட்டு வாங்க. நான் உள்ள பாக்குறேன்" என்று அம்மா என்னை இழுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

உள்ளே ஆள் இல்லை. ஒரே ஒருவர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பினார். அவரேதான். அம்மாவைப் பார்த்ததும் கையிலிருந்த நாற்காலியை மெதுவாகக் கீழே வைத்தார். அம்மா தலையை மட்டும் இப்படியும் அப்படியுமாக ஆட்டினாள். அவர் புரிந்துகொண்டதைப் போல, அருகே இருந்த சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டது அந்தச் சாத்திய கதவைத்தான்.

வெளியே அப்பா மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தார்.

"இவரு இல்லைங்க. வேற ஆளு, வயசானவரு."

அப்பா நம்ப முடியாமல் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு பாப்பா. அவரா?"

அம்மா என் விரல்களை நோகும்படி இறுக்கிப் பிடித்தாள். "இல்லப்பா" என்றேன்.

கீபோர்டை அவர் திருப்பிக் கேட்டுவிடுவார் என்று அம்மா பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன். அதனால்தான் பொய் சொன்னேன். அடுத்த வாரமே எல்லார் கைப்பேசியிலும் வேறு ஒரு படம் வந்தது. யார் வீட்டிலோ குரங்கு சோறு கிண்டியது. ஊர் அதைப் பார்க்கப் போய்விட்டது. அப்பா மட்டும் சாகும்வரை, யாராவது கீபோர்டு வாசித்தால், நம்ம வீட்டுக்கு வந்தவரு மாதிரி வராது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா போன மறுவருடம் வீட்டை விற்றோம். சாமான் கட்டும்போது பாத்தேக் துணியோடு கீபோர்டு கிடைத்தது. நான் பழைய வழக்கப்படி செத்த கட்டையை அழுத்தி, "எப்படிம்மா அவருக்கு இது முன்னாடியே தெரிஞ்சிச்சு?" என்றேன். இத்தனை வயதுக்கு மேல் கேட்கக் கூடாத கேள்விதான். அதுவரை அதைக் கேள்வியாகவே நான் நினைத்ததில்லை.

"அவரு சாமானு, அவருக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. டேப்பைக் கடித்து அறுத்துப் பெட்டியை ஒட்டினாள். "ஒங்க சித்திதான் அதுல மைலோ தண்ணியக் கொட்டிட்டா. அவரு வீட்ல."

"எப்போ?"

"ஏதோ ஒரு சனிக்கிழம. அவளுக்குச் சனிக்கிழம வேலையே கெடையாது."

நான் கேட்டில் நின்று கையாட்டிய சனிக்கிழமைகளை நினைத்துப் பார்த்தேன். சித்தி ஒவ்வொரு முறையும் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக் கையாட்டுவாள். வேலைக்குப் போகிறவள் எதற்கு இவ்வளவு சிரிக்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.