தாழ்த்திய காரும் வீட்டு ஏற்றமும்

பக்கத்து ஊரான திகனயில் என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் உயரத்தைத் தாழ்த்தித் தந்தவர், இடுப்பில் சாரம் கட்டிய மெலிந்த மெக்கானிக். எதையும் விரலால்தான் அளப்பார். செலவைக் குறைக்க ஸ்பிரிங்கை வெட்டச் சொன்னேன்.

"ஏலா தம்பி. வெட்டினா வளைவுல கார் ஒங்கட பேச்சக் கேக்காது."

வேறொரு காரில் கழற்றிய கட்டை ஸ்பிரிங்குகளைப் பூட்டினார். டயருக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி. உடனே தேநீர்க் கடையிலிருந்த பருத்த இருவரைக் கூப்பிட்டுப் பின்சீட்டில் ஏற்றி, தானும் முன்னால் ஏறிக்கொண்டார்.

"நம்மட ஊர்ல கார் எப்ப தம்பி தனியாப் போகுது?"

அடிப்பாகம் தரையில் தட்டினால் காரை விற்றுவிடுவதாக மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். குண்டசாலையில் எங்கள் வீட்டு ஏற்றத்தில், அவள் வாசல் கேற்றடியில் நின்று கவனிக்க, எங்கள் நால்வரையும் சுமந்த கார் ஓர் உராய்வுமின்றி ஏறியது.

மெக்கானிக் இறங்கிக் கதவைப் பிடித்தார்.

"ஏறிப் பாருங்க தங்கச்சி."

நான் எத்தனை முறை கூப்பிட்டும் ஏறாதவள், அவர் ஒருமுறை சொன்னதும் ஏறிவிட்டாள்.