குண்டு மெஷினைக் கழுவிய நாள்

சின்ன பாய் அந்தக் குண்டு விளையாட்டு மெஷினின் பலகையைத் தூக்கி நிறுத்தியது இன்றும் கண்ணில் நிற்கிறது. லாரிக்கு பானெட் திறப்பது போலத் திறந்தார். மேலே படமும் கலர் விளக்குமாக இருந்த பலகை, அடியில் ஒரே ஒயர் காடாக இருந்தது. செப்புக் கம்பி சுற்றிய சுருள்கள். ஒவ்வொரு சுருளுக்கும் பக்கத்தில் இரண்டு மெல்லிய தகடு. தகடுகள் தொட்டால் கரண்ட் ஓடும், விலகினால் நிற்கும். "இவ்வளவுதானுங்க கவுண்டரே இந்த மெஷினு. தொடறதும் உடறதும்" என்றார். எனக்கு அப்போது நாற்பது வயது. அவருக்கு முப்பதுகூட இருக்காது.

அடிவாரத்து ஊரில் அவர் குடும்பத்துக்கு மிளகு மண்டி இருந்தது. அண்ணன் பெரிய பாய்தான் அதைப் பார்த்துக்கொண்டார். தம்பிக்குத் தராசு முன்னால் உட்காரப் பிடிக்கவில்லை. ஏற்காட்டில் மூடிப்போன ஒரு கிளப்பில் கிடந்த மெஷினை வாங்கி, தானே பழுது பார்த்து, தொண்ணூற்றெட்டு வாக்கில் எங்கள் மலைக்கு ஏற்றிவிட்டார். சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டார். நான் வாழவந்தி நாட்டுக்காரன்; மலையில் நாலைந்து ஊர் சேர்ந்ததை நாடு என்போம். மூன்றாவது வரை படித்தவன். மண்டிக்கு மிளகு கொண்டுபோன பழக்கத்தில் என்னைக் காவலுக்கு வைத்தார். சாவி என்னிடம்தான் இருந்தது. முதல் வேலை மட்டம் பார்ப்பது. மலையில் மட்டமான தரை ஏது? கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வந்து, நான்கு காலிலும் இருந்த மறையைத் திருகி, பின்பக்கம் கொஞ்சம் உயரமாக நிறுத்தினோம். சாய்வு கூடினால் குண்டு நிற்காமல் ஓடிவிடும். குறைந்தால் சோம்பிக் கிடக்கும்.

ஒரு ரூபாய்க்கு ஐந்து குண்டு. கம்பியை இழுத்து விட்டால் இரும்புக் குண்டு மேலே ஏறி வளைந்து இறங்கும். நடுவில் மூன்று குமிழ்கள். நாங்கள் அதைக் காளான் என்போம். குண்டு பட்டதும் காளான் அதை உதைத்துத் தள்ளும், மணி அடிக்கும், எண் உருளும். கீழே இரண்டு மட்டை. பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் மட்டை தூக்கி அடிக்கும். நடுச்சந்தில் விழுந்தால் போச்சு. புதிதாக வருகிறவர்கள் பயத்தில் இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்குவார்கள். இரண்டு மட்டையும் எழுந்து சந்து அகலமாகிவிடும். சின்ன பாய் அப்படி ஆட மாட்டார். ஒரு மட்டையைத் தூக்கியே பிடிப்பார். குண்டு வந்து அதில் தங்கும். கையைத் தளர்த்துவார். அது நுனிக்கு உருளும் வரை பொறுப்பார். பிறகு ஒரே அமுக்கு. எந்தக் காளான் என்று முதலிலேயே சொல்லிவிட்டு அடிப்பார். அந்த நேரத்தில் அவர் முகம் தொழுகையில் நிற்பவர் முகம் போல இருக்கும்.

மெஷினை ஆட்டியும் குண்டைத் திருப்பலாம். அதற்கு அளவு உண்டு. உள்ளே கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி ஒன்று இரும்பு வளையத்துக்குள் தொங்குகிறது. அதிகம் ஆட்டினால் வளையத்தில் படும். பட்டால் அந்த ஆட்டம் செத்தது. மட்டை எழாது. குண்டு கண்ணெதிரே கீழே போகும். தேவனூர் நாட்டு ஜீப் டிரைவர் ஒருவர் தினமும் அப்படித்தான் தோற்பார். "ஏனுங்க, பலா மரத்தயா உலுக்கறீங்க? பழம் உழுகாதுங்க" என்று பக்கத்துப் பழக்கடைக்காரர் கிண்டல் செய்வார். "காசு போட்டவன் நானுங்க, உலுக்குவேன்" என்பார் டிரைவர். "காசு உங்களுதுதானுங்க. மெஷினுக்கு அது தெரியாதுங்களே" என்பார் சின்ன பாய். டிரைவரும் சேர்ந்து சிரிப்பார்.

பெரிய பாய்க்கு இது பிடிக்கவில்லை. "மலையேறிப் போயி பொம்மைக்கடை வெச்சிருக்கான்" என்று மண்டியில் எல்லாரிடமும் சொல்லுவார். அடுத்த வருடம் கடைசியாக ஒரு பேச்சு வைத்தார். ஆயுத பூசைக்கு மறுநாள் வந்து பார்ப்பேன், மெஷின் ஓடிக் கூட்டமும் இருந்தால் இருக்கட்டும், இல்லையென்றால் ஏற்றிக்கொண்டு இறங்கிவிடு, அப்புறம் மண்டிதான். சின்ன பாய் சரி என்றார். அந்த லீவுக்குக் கூட்டம் நிச்சயம் வரும். அவருக்குப் பயமே இல்லை.

பூசை அன்று அவர் சேலத்துக்கு பல்பு வாங்கப் போயிருந்தார். காலையில் வீட்டில் அரிவாள், கடப்பாரை, மண்வெட்டி எல்லாம் கழுவிப் பொட்டு வைத்தேன். சோளக்காட்டுக்கு வந்தால் பஸ்ஸை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நமக்குச் சோறு போடுகிற மெஷின் மட்டும் அழுக்காக நிற்பதா என்று தோன்றியது. மறுநாள் பெரிய பாய் வருகிறார், அது நல்லபடியாக ஓட வேண்டும் என்பதும் மனதில் இருந்தது. கரண்ட்டைப் பிடுங்கினேன். பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். கண்ணாடியை எடுத்துவிட்டு நான்கு சொம்பு தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். சந்தனம் கரைத்து ஒவ்வொரு காளானுக்கும் வைத்தேன், மட்டைக்கும் வைத்தேன். மேலே பூ. கண்ணாடியைத் திரும்பப் போட்டு, சூடம் காட்டிக் கும்பிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் சின்ன பாய் வந்தார். பூவைப் பார்த்து லேசாகச் சிரித்தார். கரண்ட் கொடுத்தார். உர்ரென்று ஒரு சத்தம். தீய்ந்த வாடை. விளக்கு அணைந்தது. பலகையைத் தூக்கினார். தண்ணீர் ஒவ்வொரு ஓட்டையிலும் இறங்கியிருந்தது. தகடுகளுக்கு நடுவே சந்தனம் அப்பியிருந்தது. இரண்டு சுருள் கருகிவிட்டது. அவர் விரலால் தொட்டு மூக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து ஒரு பொட்டு விடாமல் துடைத்தார். பூவை எடுத்து ஓரமாக வைத்தார். கைக்குட்டையைப் பையில் வைக்கும்போது வெளியே பெரிய பாயின் ஜீப் வந்து நின்றது.

கொட்டகை முன்னால் நல்ல கூட்டம். டிரைவரும் இருந்தார், பழக்கடைக்காரரும் இருந்தார்.

"என்னடா, செத்துப் போச்சா?" என்றார் பெரிய பாய்.

"ஈரம்ண்ணே."

"என்ன ஈரம்?"

"மலை ஈரம். பனி உள்ள எறங்கிருச்சு. இங்க இது ஓடாதுண்ணே."

பெரிய பாய் சிரித்தார். "மலையில ஈரம் இருக்குதுன்னு கண்டுபுடிக்க உனக்கு ஒரு வருசமாடா? என்னக் கேட்டிருந்தா கீழயே சொல்லியிருப்பேனே" என்றார். கூட்டமும் சிரித்தது. சின்ன பாய் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காவல்காரன் தண்ணீர் ஊற்றிவிட்டான் என்று அவர் சொல்லியிருந்தால் என்னைத் துரத்தியிருப்பார்கள். சுருளைக் கழற்றிச் சேலத்தில் சுற்றி வாங்கி மாட்டினால் பத்து நாளில் மெஷின் ஓடியிருக்கும். தப்பை மலை மேல் போட்டதால் வழியே இல்லாமல் போயிற்று. இது எனக்கு அப்போதே தெரியும். நான்கு வார்த்தை போதும். சொல்லவில்லை. மெஷினை லாரியில் ஏற்ற ஒரு பக்கம் நானும் பிடித்தேன்.

அதன்பிறகு அவர் தராசு முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு மாசியிலும் மிளகு கொண்டுபோவேன். "மழை எப்படிங்க கவுண்டரே?" என்பார். இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடிதான் ஒவ்வொரு முறையும் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்குவேன். சொல்லாமலே ஏறுவேன். அதிகம் பேசிப் பழக்கமில்லாதவன் என்று சொல்லிக்கொள்ளலாம். அது இல்லை. பயம்தான். சில வருடம் கழித்து நெஞ்சு வலியில் அவர் போய்விட்டார். கபர்ஸ்தானில் எல்லாரோடும் நானும் மூன்று பிடி மண் போட்டேன். கொட்டகை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. ஒரு தடவை அதன் வாசலில் நின்றேன். யாருக்கும் எதுவும் நினைவில்லை. அது இன்னும் கனத்தது.

அவர் போனதற்கு அடுத்த மாசியில் மூட்டையோடு போனபோது தராசு முன்னால் பெரிய பாய் இருந்தார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. மூட்டையை வைத்துவிட்டு நின்றேன்.

"ஏனுங்க, நின்னுட்டே இருக்கறீங்க?"

"அந்த மெஷினு ஈரத்துல போகலீங்க. நாந்தானுங்க தண்ணி ஊத்திக் கழுவுனேன். பூசைக்கு. சின்ன பாய்க்குத் தெரியுமுங்க. என்னக் காட்டிக் குடுக்கல."

அவர் எடைக்கல்லைக் கையில் வைத்தபடியே இருந்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. கல்லைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"அன்னிக்கு அத்தன பேருக்கு முன்னால நான் சிரிச்சேனுங்களே?"

"சிரிச்சீங்க" என்றேன். "நான் பக்கத்துலயேதானுங்க நின்னேன்."